நான்காம் சீர்

தார்த்துவில் பிப்ரவரி. உறைந்த எமயிகி ஆற்றில்
யாரோ சறுக்கிப்போன இரண்டு கீறல்கள்.
ஆய்வகத்தின் மூன்றாம் மாடியில் விர்வே
நுண்ணுயிர்களுக்குச் சோறு போடுகிறாள்:
ஈஸ்ட் சாறு, உப்பு, கொஞ்சம் சர்க்கரை,
ராத்திரி முழுக்கக் குலுங்கும் குடுவை.
தின்றுவிட்டு அவை நாங்கள் கொடுத்த வரியை எழுதும்.
யாருடைய வரி என்று கேட்காது.

வரி சின்னது. ஐந்தே சீர்.
வாலின், புரோலின், கிளைசின், ஏதோ ஒன்று, கிளைசின்.
மறுபடி அதே. மறுபடி.
நூற்றிருபது நெடிலடி, நடுவில் மூச்சே இல்லை.
நான்காம் சீரில் மட்டும்தான் எங்கள் கை.
புரோலினைத் தவிர யாரும் அங்கே உட்காரலாம்.
ஒருவரை மாற்றினால் விறைக்கிறது,
இன்னொருவரை வைத்தால்
தண்ணீரைக் குடித்துக் கொழகொழக்கிறது.
இப்போது பத்து அடிக்கு ஒரு லைசின்,
பக்கத்து இழையோடு கைகோத்துக்கொள்ள.
அதற்குமேல் கைகோத்தால் ரப்பர் செருப்பு.

முரண்டு பிடித்த பொருள் இது.
வெண்ணெய் சூட்டில் உருகும்;
இது குளிரில் கரைந்து காணாமல் போகும்,
சூடேற்றினால் பாலாய்த் திரளும்.
ஜனவரியில் ஒருநாள் கட்டடத்தின் வெப்பம் நின்று
மூன்று வார உழைப்பு
காலையில் வெறும் தெளிந்த நீர்.
இந்த்ரெக் தொட்டியில் கொட்டப் போனான்.
விர்வே குப்பியைப் பிடுங்கிச்
சட்டைக்குள் அக்குளில் செருகிக்கொண்டு
அப்படியே உட்கார்ந்து மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதினாள்.
பத்து நிமிடத்தில் வெளியே எடுத்தாள்: வெள்ளை.

என் வேலை இழுப்பது.
கருவியின் இரண்டு தாடையில் ஒரு நாடாவைக் கவ்வக் கொடுத்து
இருமடங்கு இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து.
இழுத்தால் இழைகள் நேராகின்றன.
நேராக நிற்க அவற்றுக்குப் பிடிக்காது.
விட்டதும் தத்தம் கலைந்த தலைக்கே ஓடுகின்றன.
மீள்மை என்று இதற்குத்தான் பெயர்:
ஒழுங்குக்குப் போவதல்ல,
கலைசலுக்குத் திரும்புவது.
நூறு கொடுத்தால் தொண்ணூற்றாறு தருகிறது.
மிச்ச நாலு சூடாகிப் போய்விடும்.
எங்கே போயிற்று என்று அறிக்கையில் யாரும் கேட்பதில்லை.

போன வியாழன் ஹெல்துர் வந்தார்,
விர்வேயின் கீழ்வீட்டுக்காரர்.
பேருந்து நிலையத்தில் பத்தொன்பது வருடம்
வால்கா, ஏழாம் மேடை என்று அறிவித்த குரல்.
அறுவை செய்து கட்டியை எடுத்தார்கள்,
குரல்நாணில் பாதியும் கூடப் போயிற்று.
இப்போது சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு.
அதில் எழுதிக் காட்டினார்: எப்போது?

நொடிக்கு நூறு முறை அதிர வேண்டும்,
ஒவ்வொரு முறையும் மீள வேண்டும்,
முயலுக்கே இன்னும் வைத்துப் பார்க்கவில்லை,
வைத்தாலும் உடம்பு அதைத் தன்னுடையது என்று
ஒத்துக்கொள்ளுமா தெரியாது.
இவ்வளவையும் விர்வே சொன்னாள்.
அவருக்குக் காது கேட்கும் என்பதை மறந்து
நான் ஒரு தாளில் எழுதத் தொடங்கியிருந்தேன்.

கோபித்துக்கொள்ளவில்லை. தட்டில் கிடந்த
மாதிரி முப்பத்தொன்றை எடுத்தார்,
நகவெட்டியளவு நீளம், மீன் சவ்வுபோல் ஈரம்.
கையுறை போடச் சொல்லத் தோன்றவில்லை யாருக்கும்.
காதோரம் கொண்டுபோய்
இரு விரலால் இழுத்து
மற்ற கையின் ஆள்காட்டி விரலால் மீட்டினார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
குளிர்பெட்டியின் உறுமல் கேட்டது,
கீழே பனி வாரும் வண்டி கேட்டது.
அவர் மட்டும் தோள் குலுங்கச் சிரித்தார், சத்தமில்லாமல்,
பிறகு மறுபடி மீட்டினார்.

அன்று மாலைப் பதிவேட்டில் எழுதினேன்:
மாதிரி 31. கையால் இழுக்கப்பட்டது.
அளவு தெரியாது. திரும்பி வந்தது.
பின்குறிப்பு: அழுக்காகிவிட்டதால்
சோதனைக்கு இனி ஆகாது.
எறியவில்லை.